ஐந்தாவது கேட்

டாக்டர் ரேடியோவில் கேட்ட கேள்விகளுக்கு மர்டோ ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொன்னார். வலி எங்கே? வலது பக்கம், கீழே. எப்போதிலிருந்து? முந்தாநாள். வாந்தி? ஆமாம். காய்ச்சல் எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் மகள் தோரா பதில் சொன்னாள். நூற்று மூன்று.

காலை பத்து மணிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசும்போது, ஃபாக்லாண்டின் மேற்குத் தீவில் எல்லா வீட்டிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கு மூலம், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் ஊர்ச்சொத்து.

"குடல்வால்தான்னு நினைக்கிறேன்," என்றார் டாக்டர். "இன்னிக்கே அறுத்தாகணும். மூணரை மணிக்கு ஹாலட் கோவுக்கு விமானம் வரும். நாலுக்கு இருட்டிடும், அதுக்கு மேல பைலட் ஒரு நிமிஷம் நிக்க மாட்டார். நாளைக்குன்னு தள்ளிப்போட்டா நான் எதுவும் சொல்ல முடியாது. கொண்டுவந்துடுவியா தோரா? ஓவர்."

"கொண்டுவந்துடறேன்."

அவள் ஒலிவாங்கியை மாட்டினாள். கட்டிலிலிருந்து மர்டோ சொன்னார்:

"இனிமே ஒரு வாரத்துக்கு என் குடல்தான் எல்லார் வீட்டுலயும் தேநீருக்குத் தொட்டுக்க."

"பேசாம படுப்பா."

"ஹாலட் கோவ் ஹில்டா வெளிய எடுத்த குடலைக் காட்டச் சொல்லுவா, பாரு."

அதற்குப் பிறகு அவர் வேடிக்கை பேசவில்லை. வலி வந்துவிட்டது.

அவர்களுடைய ரிங்கோன் வீட்டிலிருந்து கடலோர ஊரான ஹாலட் கோவுக்குப் பதினெட்டு மைல். சாலை கிடையாது. வெள்ளைப் புல்லில் சக்கரம் பதிந்து பதிந்து உண்டான தடம்தான். ஈரக் காலத்தில் அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும். போன மாதம் ஓட்டிய இடம் இந்த மாதம் புதைசேறாக இருக்கும். அங்கே நடுக்குளிர்காலமான ஜூலையில் நான்கு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் ஆட்டு மேய்ச்சல் வேலிகளில் ஏழு கேட்.

உதவிக்கு வர யாருமில்லை. ஹாலட் கோவ் ஆண்கள் எல்லோரும் நேற்றே படகில் தெற்கே வேலி போடப் போயிருந்தார்கள். ஹில்டாவும் அவள் கணவரும் மட்டும் இருந்தார்கள். விமானம் இறங்கும்போது அவர் தீயணைப்பு வண்டியோடு ஓடுதளத்தில் நிற்க வேண்டும்.

தோரா லேண்ட் ரோவரின் பின்பக்கம் மெத்தையைப் போட்டு, இரண்டு பக்கமும் கம்பளிச் சாக்குகளை அடைத்து, அப்பாவை ஏற்றினாள். அவர் தலை முன் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது. கையை நீட்டினால் தொடலாம்.

பதினொன்றரைக்குக் கிளம்பினாள்.

முதல் கேட் வரைக்கும் காற்று வழக்கம்போல மேற்கிலிருந்து அடித்தது. அவள் இறங்கினாள், கொக்கியை எடுத்தாள், கேட்டைத் தள்ளித் திறந்தாள், ஏறினாள், ஓட்டினாள், நிறுத்தினாள், இறங்கினாள், கேட்டை மூடினாள், சங்கிலியைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள், ஏறினாள். ஆறு நிமிஷம். கையுறை நனைந்துவிட்டது.

இரண்டு பேர் போகும்போது இந்தத் தொல்லை இல்லை. ஓட்டுகிறவர் இறங்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இறங்கித் திறப்பார், வண்டி தாண்டியதும் மூடுவார், ஓடிவந்து ஏறிக்கொள்வார். அவர் ஏறும்வரை வண்டி நிற்கும். அந்தத் தீவில் குழந்தைகள் நடக்கப் பழகும் காலத்திலேயே பழகிவிடுகிற முறை இது. சில பேர் விளையாட்டுக்கு, கேட் மூடியவர் கதவில் கை வைக்கப் போகும் நேரம் பார்த்து வண்டியை நாலு அடி நகர்த்துவார்கள். மறுபடி ஓடிவருவார். மறுபடி நாலு அடி. எல்லோரும் சிரிப்பார்கள்.

மர்டோவின் வண்டியில் அந்த விளையாட்டு கூடாது. நான்கு வருஷத்துக்கு முன்னால், தீவைப் பிடிக்க வந்த படையோடு சண்டை முடிந்த வருஷம், அவள் ஒருமுறை ஹில்டாவின் மருமகனிடம் விளையாடியபோது அப்பா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மீதி வழி முழுக்க அவர் பேசவில்லை.

இரண்டாவது கேட்டுக்கு முன்னால் வண்டி சேற்றில் இறங்கியது. பலகையைப் போட்டுத் தூக்கி வெளியே எடுப்பதற்குள் நாற்பது நிமிஷம் போனது. பின்னாலிருந்து அப்பாவின் மூச்சு, பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு, கேட்டுக்கொண்டே இருந்தது.

"மணி என்ன?"

"ஒண்ணு பத்து."

"கஷ்டம்."

"போயிடலாம்."

மேட்டில் ஏறியபோது மேகம் தரைக்கு இறங்கியிருந்தது. புல் தெரிந்தது, தடம் தெரிந்தது, இருபது அடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. அப்புறம் காற்று நின்றது.

தோரா அதைக் காதால் அல்ல, கையால் உணர்ந்தாள். இந்த மேட்டில் எப்போதும் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும். இப்போது பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கேட் திறந்திருந்தது.

கிடாக்களை அடைக்கும் பகுதி அது. அந்தக் கேட்டை யாரும் திறந்து போடமாட்டார்கள். இருந்தாலும் எப்படி இருந்ததோ அப்படியே விடுவதும் ஒரு முறைதான். அவள் நிறுத்தாமல் தாண்டினாள். ஆறு நிமிஷம் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டது. யாரோ முன்னால் போயிருக்கிறார்கள். மேட்டு வீட்டுக் கிழவர் லாக்லனாக இருக்கும், ரேடியோவில் கேட்டுவிட்டு உதவிக்கு வந்திருப்பார்.

பின்காட்டும் கண்ணாடியில் பார்த்தாள்.

கேட் மூடியிருந்தது.

காற்று மூடியிருக்கும் என்று நினைக்கப் போனாள். காற்று இல்லை. இருந்திருந்தாலும் காற்றுக்குக் கொக்கி மாட்டத் தெரியாது. சங்கிலி சுற்றியிருந்தது, கொக்கி மாட்டியிருந்தது. மேகம் அதை மறைப்பதற்குள் தெளிவாகப் பார்த்தாள்.

அவள் கண்ணைத் தடத்துக்குத் திருப்பினாள்.

நான்காவது கேட்டுக்கு வந்தபோது அது திறந்துகொண்டிருந்தது.

வேகமாக இல்லை. ஒருவர் மேல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எந்த வேகத்தில் திறக்குமோ அந்த வேகத்தில். கேட்டின் அடிக்கட்டை புல்லை மடித்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் ஒரு குட்டையருகே கொஞ்சம் தயங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போவதுபோல நின்று, பிறகு முழுதும் திறந்து, அப்படியே பிடித்து வைத்தமாதிரி நின்றது.

அங்கே யாரும் இல்லை.

நின்றால் விமானம் போய்விடும். தோரா ஓட்டினாள். கேட்டைத் தாண்டும்போது வலப்பக்க ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாண்டியதும் அவள் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

முப்பத்து நான்கு வருஷப் பழக்கம். கேட்டைத் திறந்தவருக்காக நிற்க வேண்டும். பின்னால் சங்கிலி சுற்றும் சத்தம் கேட்டது. கொக்கி விழும் சத்தம் கேட்டது. அந்த வண்டியில் இடப்பக்கக் கதவின் வெளிக் கைப்பிடி போன வருஷமே உடைந்துவிட்டது. உள்ளேயிருந்து யாராவது சாய்ந்து தள்ளினால்தான் திறக்கும். தோரா சாய்ந்தாள், கதவைத் தள்ளித் திறந்தாள், நிமிர்ந்தாள்.

நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

இருக்கை கொஞ்சம் அமுங்கியது.

நனைந்த கம்பளியின் வாசனை வந்தது. ஆட்டுக் கம்பளி அல்ல. துவைக்காமல் பல நாள் போட்டுக்கொண்டிருந்த துணி. அதோடு டீசல், ஈர மண். குளிர் வரவில்லை, அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால் வருகிற சூடுதான் வந்தது.

அவள் தடத்தைப் பார்த்தாள். தடத்தை மட்டும் பார்த்தாள். கியரைப் போட்டபோது கை அந்தப் பக்கம் படாமல் முழங்கையை ஒடுக்கிக்கொண்டாள்.

"தோரா," என்றார் அப்பா, மிகவும் தாழ்ந்த குரலில். "யாரு ஏறினது?"

"யாரும் இல்லப்பா."

"கதவு சாத்தின சத்தம் கேட்டுச்சே."

"சரியா சாத்தல முன்ன. இப்பச் சாத்தினேன்."

மர்டோ மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்தார்.

"அவன் வாசனை எனக்குத் தெரியும்," என்றார் மர்டோ.

அவர் பேசியதெல்லாம் கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. வலி வரும்போது நிறுத்தினார், போனதும் தொடர்ந்தார். அவள் ஓட்டிக்கொண்டே கேட்டாள். இடப்பக்க இருக்கையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எண்பத்திரண்டு ஜூன்ல அந்தப் பட்டாளத்துக்காரங்க வண்டியையும் எடுத்துக்கிட்டு ஓட்டறதுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாங்கல்ல. அது உனக்குத் தெரியும். அப்ப நீங்கள்லாம் ஹாலட் கோவ்ல பெரிய வீட்டுல அடைஞ்சு கிடந்தீங்க. மீதி தெரியாது."

"இப்ப வேண்டாம், அப்புறம் சொல்லுப்பா."

"அதிகாரிங்க ரெண்டு பேர் மேட்டுல இறங்கிட்டாங்க. ஒரு சிப்பாய மட்டும் ஒரு சீட்டைக் குடுத்து என்கூட ஹாலட் கோவுக்கு அனுப்பினாங்க. வடக்க எங்கயோ வெயில் ஊர்க்காரன். கேட் திறக்கத் தெரியாது அவனுக்கு. இறங்கு, திற, மூடு, ஏறுன்னு சைகையில சொன்னேன். மூணாவதுல கத்துக்கிட்டான். நாலாவதுல அந்த விளையாட்டுகூட விளையாடினேன். நாலு அடி நகர்த்தினேன். முதல்ல முழிச்சான். அப்புறம் அப்படிச் சிரிச்சான். எங்கிட்ட இருந்த ஆட்டுக்கறியில பாதி குடுத்தேன். எலும்பையும் விடல. அவன் மேப்ப எடுத்துக் காட்டினான். அதுல நம்ம வீட்டுக்கு வேற பேரு. மலைக்கு வேற பேரு. படிச்சுக் காட்டினான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

பின்னால் மூச்சு அறுந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி வந்தது.

"அஞ்சாவது கேட்ல பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. கொக்கிய மாட்டிட்டு ஓடிவந்தான். நான் நகர்த்தினேன். மறுபடியும் விளையாட்டுன்னு நினைச்சான். ஒரு கையத் தூக்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே ஓடிவந்தான். நான் நிறுத்தல."

தோரா கேட்டாள். "ஏம்பா?"

"பயமில்ல. கோவமும் இல்ல, அந்த நேரத்துல. நிறுத்தாம போக முடியும்னு தெரிஞ்சுது. போயிட்டேன்."

"அவங்க கேக்கலையா?"

"ஓடிப்போயிட்டான்னு சொன்னேன். நம்பிட்டாங்க. நிறையப் பேர் ஓடினாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்த்தேன். ரெண்டு நாளும் பனி. கேட்ட ஒழுங்கா மூடியிருந்தான். ஆள் இல்ல. அந்தப் பக்கம் அவங்களே புதைச்ச கண்ணிவெடி. நான் உள்ள போகல. இன்னைக்கு வரைக்கும் யாரும் போகல."

இருக்கை அசையவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மட்டும், இடப்பக்கம், உள்பக்கமாக, ஒரு வட்டம் ஆவி படிந்து மறைந்தது. மறுபடி படிந்து மறைந்தது.

மணி மூன்று ஐந்து. வெளிச்சம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. தடத்தின் இடப்பக்கம் கம்பிவேலி ஆரம்பித்தது. வேலியில் பத்தடிக்கு ஒன்றாகச் சிவப்புத் தகடு, மண்டையோடு. வலப்பக்கம் ஓடை. சுற்றிக்கொண்டு போக வழியில்லை.

ஐந்தாவது கேட்.

அவள் நிறுத்துவதற்குள் இடப்பக்கக் கதவு திறந்தது. இருக்கை எழும்பியது. கதவு மூடிக்கொள்ளவில்லை, அவசரமாக இறங்குகிறவர்கள் விடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. கேட் திறந்தது. தாண்டினாள். வண்டி ஆடிய ஆட்டத்தில் கதவு தானாக அடித்துக்கொண்டு சாத்திக்கொண்டது.

வெளியே கைப்பிடி இல்லை. உள்ளேயிருந்துதான் திறக்க வேண்டும்.

பின்னால் சங்கிலி.

கால் பிரேக்கில் இருந்தது. மேலே எங்கோ மேகத்துக்குள் விமானத்தின் சத்தம் கேட்டது. முன்கூட்டியே வந்துவிட்டது, வட்டமடிக்கிறது.

"போ," என்றார் அப்பா. "தோரா, போயிடு."

கொக்கி விழுந்தது.

சாய்ந்து கதவைத் தள்ள ஒரு நொடி போதும். அது அவளுக்குத் தெரியும். பிறகு வாழ்நாள் முழுக்க அந்த ஒரு நொடியைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறாள் என்பதும் எப்படியோ அப்போதே தெரிந்திருந்தது.

அவள் கியரைப் போட்டாள்.

வண்டி நகர்ந்தது. நாலு அடி. பத்து அடி. நிற்கவில்லை.

கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். மேகத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக, ஆள் உயரத்தில் ஒன்று தடத்தில் ஓடிவந்தது. ஒரு கையைத் தூக்கியிருந்தது.

"வரானா?"

"ம்."

"சிரிக்கிறானா?"

அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து வேகத்தைக் கூட்டினாள்.

ஆறாவது கேட்டை அவளே இறங்கித் திறந்தாள். ஏழாவதையும். கொக்கியை மாட்டும்போது இரண்டு தடவை நழுவியது. பின்னால் திரும்பிப் பார்க்காமல் கேட்டை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு முன் அவள் யோசித்ததில்லை. அவனுக்காக நின்றிருந்தால் இந்தப் பன்னிரண்டு நிமிஷம் மிச்சமாகியிருக்கும். அது ஹாலட் கோவின் கூரைகள் தெரிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

விமானம் ஓடுதளத்தில் எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தது. சிவப்பு, சின்னது. பைலட் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

"நாலு நிமிஷம்தான் மிச்சம் இருந்துச்சு உனக்கு," என்றார். "அவர் எடை என்ன?"

"எழுபத்தெட்டு."

"வேற யாராவது ஏறறாங்களா?"

"இல்ல," என்றாள் தோரா. "யாரும் இல்ல."

ஏற்றும்போது மர்டோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் கண் அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால், தடம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அவள் ஹில்டாவின் வீட்டில் தங்கினாள். தூங்கினாள் என்று சொல்ல முடியாது. காற்று திரும்பி வந்திருந்தது. தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருந்தவரை அவளுக்குப் பரவாயில்லை. அது எப்போது நிற்குமோ என்றுதான் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

காலை பத்து மணிக்கு ஹில்டா ரேடியோவின் ஒலியைக் கூட்டினாள். பேச ஆரம்பித்தால் மூச்சு விடாத பெண் அவள். சமையலறை முழுக்க அடுப்புப் புகையும் வெந்த ஆட்டுக்கறி வாசனையும்.

டாக்டர் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்.

"தோரா, உங்கப்பா நல்லா இருக்கார். வெடிக்கற நிலையில இருந்துச்சு. ஒரு மணி நேரம் தாமதிச்சிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும். நீ செஞ்சது பெரிய வேலை. ஓவர்."

"பேசறாரா? ஓவர்."

"மயக்கம் இன்னும் முழுசா தெளியல. ஒரே கேள்வியத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கறார். அவன் ஏறிட்டானா, ஏறிட்டானான்னு. மருந்து வேகத்துல அப்படித்தான் உளறுவாங்க. கவலைப்படாதே. ஓவர்."

ஹில்டா அவள் தோளைத் தட்டினாள். "அப்பாடா. உக்காரு, ரெண்டு வாய் சாப்பிடு. நேத்துலேர்ந்து எதுவும் தொடல நீ."

அடுத்து வேறு யாரோ இருமலுக்கு மருந்து கேட்டார்கள். அதற்கும் அடுத்து, டாக்டர் முடித்த பிறகு, லாக்லனின் கரகரத்த குரல் வந்தது. ஆறாவது கேட்டுக்கு மேலே மேட்டில் தனியாக இருக்கிற கிழவர். காலையில் எழுந்ததும் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

"தோரா, அங்க இருக்கியா? நேத்து வழியில யாரையாவது விட்டுட்டு வந்துட்டியா நீ? ஓவர்."

ஹில்டா ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினாள். தோரா வாங்கவில்லை. ஹில்டாவே பேசினாள்.

"யாரை விடப் போறா? அவ அப்பாவ மட்டும்தான் கூட்டிட்டு வந்தா. ஏன் கேக்கறீங்க லாக்லன்? ஓவர்."

"ஒருத்தன் நடந்து வர்றான். விடிஞ்சதும் பார்த்தேன், கண்ணிவெடி வேலிப் பக்கத்திலேர்ந்து. ஒன்பது மணிக்கு ஆறாவது கேட்டத் தாண்டினான். புகை வருது பாரு, வந்து தேநீர் குடிச்சுட்டுப் போன்னு கையாட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கல. ஆனா கேட்ட மட்டும் ஒழுங்கா மூடிட்டுப் போனான். வளர்த்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க. ஓவர்."

வேறொரு வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. "தோராவுக்கு ஆள் கிடைச்சாச்சு போல. இவ்வளவு தூரம் நடந்தே வர்றான் பாரேன். என் வீட்டுக்காரர் கொட்டகையிலேர்ந்து சாப்பாட்டுக்கு நடந்து வரமாட்டார். ஓவர்."

"முடி வெட்டியாச்சா, அழகா இருக்கானா, அதைச் சொல்லுங்க லாக்லன்," என்றது இன்னொரு குரல்.

"மூஞ்சி தெரியல. ஒரு கையத் தூக்கிக்கிட்டே வர்றான். ராத்திரி பூரா அப்படியே தூக்கிக்கிட்டு வந்தானோ என்னவோ. ஓவர்."

ஹில்டா சிரித்துக்கொண்டே திரும்பினாள். தோராவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"யாரது?"

"தெரியாது ஹில்டா."

அது பொய்யில்லை. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. அப்பா கேட்டிருக்கவில்லை.

அவள் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். சமையலறை ஜன்னலிலிருந்து ஏழாவது கேட் தெரியும். ஊரின் கடைசிக் கேட் அது; அதைத் தாண்டினால் கம்பளிக் கொட்டகை, வீடுகள், கரை. ஹில்டா ஜன்னலுக்குப் போனாள்.

"திறக்குது," என்றாள் ஹில்டா. பிறகு, வேறு குரலில், "யாரையும் காணோமே."

கூரையில் காற்று நின்றுவிட்டது.

தோரா வெளியே வந்தாள். வண்டியை நேற்று மேற்கைப் பார்த்து நிறுத்தியிருந்தாள். எல்லோரும் காற்றைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் கதவைத் திறந்ததும் பிய்த்துக்கொண்டு போய்விடும். வண்டிக்கு முன்னால் சரிவு, சரிவுக்குக் கீழே சிறிய தோணித்துறை, அதற்கு அப்பால் கடல்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகினாள். கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க அதைக் கையால் கவிழ்த்து வைத்தாள்.

பின்னால் சங்கிலி சுற்றியது. அவசரமே இல்லை. கொக்கி விழுந்தது.

வாசலில் ஹில்டா நின்றிருந்தாள். "தோரா, உள்ள வாடி," என்றாள், தணிந்த குரலில், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

கால் பிரேக்கில் இருந்தது. அவள் மற்றொரு காலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். பிறகு இடப்பக்கம் சாய்ந்து, கதவைத் தள்ளித் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, காத்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐந்தாவது கேட்டிலிருந்து நடந்து வந்தவனுக்கு அந்தக் கடைசி நூறு அடி நிறைய நேரம் எடுத்தது.

கதவு சாத்திக்கொண்டது, அடுத்தவர் வண்டிக் கதவைச் சாத்துகிற பதவிசோடு.

இருக்கை அமுங்கியது.

தோரா பார்க்கவில்லை. நனைந்த கம்பளி, டீசல், ஈர மண். மூச்சு வாங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஓடிவந்தவர்களுக்கு வாங்குமே, அப்படி. மெதுவாக அது அடங்கியது.

அப்பா நான்கு வருஷமாகச் செய்யாததைச் செய்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். நிறுத்தியாயிற்று. ஏற்றிக்கொண்டாயிற்று. இனி அவன் போகலாம்.

"எங்க கொண்டுபோய் விடணும்?" என்றாள்.

எதிரே முன்கண்ணாடியில், அவள் பக்கம் அல்ல, அந்தப் பக்கம், உள்ளேயிருந்து ஆவி படிந்தது. அதன் நடுவில் ஒரு விரல் கோடு இழுத்தது. நேராக, முன்னோக்கி.

அவள் அந்தக் கோடு காட்டிய இடத்தைப் பார்த்தாள். துறை முடிந்தது. கடல்பாசி மிதந்தது. அதற்கு அப்பால் முந்நூறு மைலுக்குத் தண்ணீர்; அதற்கும் அப்பால், அவனை அந்த மேப்போடு அனுப்பிய நாட்டின் கரை. இங்கிருந்து அங்கே போகிற தடத்தில் கேட் ஒன்றுகூட இல்லை.

"அங்க என்னால முடியாது," என்றாள். "இந்த வண்டி போகாது."

அவன் புரிந்துகொண்டானா என்று தெரியவில்லை. அவன் பாஷை அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்தாள். இறங்கினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, இடப்பக்கம் நின்று, வெளியேயிருந்து திறக்க முடியாத அந்தக் கதவைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

இருக்கை எழும்பவில்லை.